மெட்ராய்டு ட்ரெட், ஹாலோ நைட்: பிடித்த கையை எப்போது விடுவது?

சுதந்திரமாகச் சுற்றவிடும் வீடியோ கேம் என்ற பேச்சு வந்தாலே ஹாலோ நைட்டை (2017) தூக்கிப் பிடிப்பார்கள். மெட்ராய்டு ட்ரெட்டை (2021) ‘ஒரே பாதை’ என்று ஒதுக்குவார்கள். பாதிதான் சரி. இரண்டுமே வழி நடத்துகின்றன, நடத்தும் விதம்தான் வேறு.

ட்ரெட்டில் ஒரு திறன் கைக்கு வந்ததும், அதைக் கேட்கும் கதவு பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கும். வந்த வழியோ ஏற முடியாத பள்ளமாகவோ பூட்டிய கதவாகவோ மாறியிருக்கும். மிச்சமிருக்கும் ஒரே வழியில் போய்விட்டு, நாமே கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்வோம். கெட்டிக்காரத்தனமான ஏமாற்று! ஆனால் அந்த வழி உடையும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அதைக் காட்டிக்கொடுக்கும் பல்ஸ் ரேடார் வெகு தாமதமாகத்தான் கிடைக்கிறது. அதுவரை முட்டுச்சந்து வந்தால் சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் சுட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

‘ஒரே பாதை’ என்பவர்களுக்கு ஒரு தகவல்: கொக்கிபோல் பற்றி இழுக்கும் கிராப்பிள் பீமையும் குண்டையும் வரிசை மீறி முன்கூட்டியே எடுக்கலாம். அப்படி எடுத்தவர்கள் க்ரெய்டு என்ற பாஸ் சண்டையின் இரண்டாம் கட்டத்தில், உருண்டையாகச் சுருண்டால் மேலே தூக்கியெறியும் லாஞ்சருக்குள் புகுந்து குண்டு வைத்தால் பாஸ் அந்த இடத்திலேயே காலி. அதற்கென்று தனிக் காட்சியே செய்து வைத்திருக்கிறார்கள்.

ஹாலோ நைட் பாதையை அடைப்பதைவிடத் தகவலுக்கு விலை வைக்கிறது. புதுப் பகுதிக்குள் நுழைந்தால் மேப் வெறுமைதான். தரையில் சிதறிய காகிதங்களையும் முணுமுணுப்புப் பாட்டையும் பின்தொடர்ந்து மேப் விற்கும் கார்னிஃபரைப் பிடித்து வாங்க வேண்டும். முதல் பகுதிக்கு 30 ஜியோ (கேமுக்குள் புழங்கும் காசு). வாங்கியதும் அரைகுறைதான். மீதி அறைகள் அதில் ஏற 120 ஜியோவுக்கு இறகுப் பேனா வேண்டும்; ஓய்வெடுக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் வரையப்படும். நாம் நிற்கும் இடம் தெரிய 220 ஜியோ திசைகாட்டி, அதுவும் ஒரு சார்ம் (அணிந்தால் பலன் தரும் தாயத்து) என்பதால், சார்ம் மாட்டத் தொடக்கத்தில் இருக்கும் 3 நாட்ச்சில் (இடங்களில்) ஒன்றை விழுங்கிவிடும். சண்டைக்கு உதவும் சார்ம் வேண்டுமா, வழி தெரிய வேண்டுமா என்ற அந்தக் கணக்குதான் இந்த கேமின் உயிர்.

ஆனால் இங்கேயும் தொடக்கம் குறுகலானதுதான். வெஞ்ச்ஃபுல் ஸ்பிரிட் என்ற மந்திரத் தாக்குதல் இல்லாமல், கிரீன்பாத் பகுதியை மறிக்கும் பால்டர் என்ற எதிரியைத் தாண்டுவது புதியவருக்கு நடக்காத காரியம். மான்டிஸ் கிளா என்ற திறன் வந்து சுவரேற முடிந்த பிறகுதான் நாலா பக்கமும் திறக்கிறது, சிக்கலும் அங்கேதான். டீப்நெஸ்ட் என்ற இருட்டுப் பகுதிக்குள் தவறி விழுந்து, மேப்பும் லாந்தரும் (1800 ஜியோ) இல்லாமல் செத்தால், கையிலிருந்த ஜியோவை, செத்த இடத்தில் நிற்கும் நம் நிழல் வைத்துக்கொள்ளும். அதை மீட்கும் முன் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு. பாதியில் விட்டவர்களில் பலர் விட்டது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

வாரத்துக்கு ஒருமுறைதான் ஆட நேரம் என்றால் ட்ரெட். விட்ட இடம் மறந்தாலும் மேப்பில் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்தால் அதே வகைக் கதவுகள் எல்லாம் ஒளிரும். தொடர்ந்து ஆட முடிந்தால் ஹாலோ நைட். புதுப் பகுதிக்குள் நுழையும் முன் கையிலுள்ள ஜியோவை மேப் பொருள்கள் விற்கும் இசெல்டா கடையில் பேனாவுக்கும், மேப்பில் இடங்களைக் காட்டும் குறியூசிகளுக்கும் செலவழித்துவிடுங்கள். செத்தாலும் வாங்கிய பொருள் போகாது.