கவிழ்ந்த முஷ்டியா, நிமிர்ந்த முஷ்டியா?

பதினோரு ஆண்டுகள் கராத்தேயில் உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி குத்திப் பழகியவன் நான். சென்ற ஆண்டு பஞ்சிங் பேக்கில் வலது மணிக்கட்டு சுளுக்கி, ஆறு வாரம் கட்டோடு திரிந்தேன். அதன்பின் கட்டைவிரல் பக்கம் மேலே பார்க்கும் நிமிர்ந்த முஷ்டிக்கு மாறிவிட்டேன். ஆகவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பொதுவானதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பின்காலால் தரையை உந்தி, இடுப்பைத் திருப்பி, தோள் வழியாக முஷ்டிக்குப் பலத்தை அனுப்புகிறோம். எந்த மாஸ்டரும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பதுதான்.

அனுப்பிய பலம் முழுதாகப் போய்ச் சேருகிறதா என்பதில்தான் எனக்கு வழக்கு. குத்து பட்ட நொடியில் அதே விசை நம்மீதும் திரும்புகிறது. வழியில் எந்த மூட்டு மடங்குகிறதோ அங்கே பலம் ஒழுகிவிடும். வலியும் அங்கேதான் வந்து உட்காரும்.

ஒரு சுவர் போதும், சோதித்துப் பார்க்க. முஷ்டியைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் பதித்து, பின்காலால் மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். முஷ்டியைக் கவிழ்த்து வைத்தால் என் முழங்கை வெளிப்பக்கம் விரிகிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது, மணிக்கட்டு உள்ளே மடியப் பார்க்கிறது. நிமிர்த்தி வைத்தால் முழங்கை தானாகவே கீழ்நோக்கி, விலாவுக்கு முன்னால் நிற்கிறது. அழுத்தம் நேரே குதிகாலில் தெரிகிறது. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் குறுக்கே ஏறுகிறது. நிமிர்ந்த நிலையில் இரண்டும் ஏறத்தாழ இணையாக இருக்கின்றன. வேறுபாட்டில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம். சீனத் தற்காப்புக் கலையான விங் சுன்னில் இந்த நிமிர்ந்த முஷ்டிதான். கராத்தேக்குள்ளேயே, ஜப்பானின் ஒகினாவாவில் 1956இல் தட்சுவோ ஷிமாபுகு தொடங்கிய இஷின்ரியு என்ற பிரிவும் இதையே கையாள்கிறது.

முழங்கையை அடக்கிக் கவிழ்த்துக் குத்துபவர்கள் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறார்கள். களைத்த பிறகும் அப்படிக் குத்த என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். நூறாவது குத்தில் நிலை குலைவது எது என்று பார்த்தே நான் தேர்ந்தெடுத்தேன்.

கவிழ்ந்த முஷ்டிக்கு உள்ள பெரிய வசதி, ஏறும் தோள் தாடையை மறைப்பது. குத்துச்சண்டைக்காரர்களுக்கு அது சும்மா கிடைக்கும் கவசம்.

நிமிர்ந்த முஷ்டியிலும் ஒரு பொறி உண்டு. முகத்தை நோக்கிக் கை மேலெழும்போது சுண்டுவிரல் பக்கத்துக் கணுக்கள் முதலில் மோதும். முஷ்டியில் எளிதில் முறிவது சுண்டுவிரலின் அடியெலும்புதான். 1919 முதல் 1926 வரை குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்த ஜாக் டெம்சி, பலத்தின் கோடு சுண்டுவிரல் வழியாகவே போகிறது என்று கற்பித்தார். கையுறைக்குள் அது சரியாக இருக்கலாம். நான் மேடை ஏறியவன் அல்ல. மார்பு உயரத்தில் பேக்கைக் குத்துபவன். மணிக்கட்டைச் சற்றுக் கீழே சாய்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் கணுக்களால்தான் குத்துகிறேன்.

பட்டைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் கட்டாவுக்காக, அதாவது எதிராளி இல்லாமல் தனியே செய்துகாட்டும் அசைவு வரிசைக்காக, முஷ்டியைக் கவிழ்த்துக்கொள்கிறேன். காற்றில் குத்துவதால் மணிக்கட்டு இதுவரை முணுமுணுக்கவில்லை.