கோ மொழியா, ரஸ்ட்டா?

இரண்டுமே புரோகிராம் எழுதும் மொழிகள். கோ 1.0 வந்தது 2012-இல், ரஸ்ட் 1.0 வந்தது 2015-இல். வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. மெமரியை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

கோ மொழியில் புரோகிராம் ஓடும்போதே கார்பேஜ் கலெக்டர் மெமரியில் வேண்டாததைத் துடைத்துவிடும், பெரும்பாலும் நீங்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ரஸ்ட்டில் அந்தக் கலெக்டர் கிடையாது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே உரிமையாளர்; ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) வேறொரு ஃபங்ஷனிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டுப் பழைய பெயரில் மறுபடி தொட்டால் கம்பைலர் (எழுதியதை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் கருவி) விடவே விடாது. ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட்கள் (வேலைத் தொடர்கள்) ஒரே டேட்டாவில் மோதிக்கொள்ளும் பிழையையும் இதே விதிகள்தான் தடுக்கின்றன, அதை நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன், ஏனென்றால் கோ மொழியில் அதைப் பிடிக்க ரேஸ் டிடெக்டர் என்ற சோதனைக் கருவியைப் போட்டு ஓட்ட வேண்டும், அதுவும் அந்த ஓட்டத்தில் நிஜமாக நடந்த மோதலைத்தான் காட்டும்.

பில்ட் வேகத்தில், அதாவது கம்பைலர் வேலையை முடிக்கும் வேகத்தில், கோ தெளிவாக முன்னால்.

அப்புறம் பிழை கையாளுதல். கோ மொழியில் பிழை வரக்கூடிய ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புக்கும் பிழையைப் பார்க்க மூன்று வரி எழுத வேண்டும், ரஸ்ட்டில் பிழையை மேலே அனுப்ப ஒரு கேள்விக்குறி போதும்.

டேட்டாபேஸிலிருந்து எடுத்து ஜேசன் (JSON) என்ற டேட்டா வடிவில் அனுப்பும் சாதாரண சர்வர் என்றால், புதியவர்கள் சீக்கிரம் கைகொடுக்கக்கூடிய கோ மொழியையே எடுங்கள். கலெக்டரின் சிறு இடைநிறுத்தம்கூடக் கூடாத இடம், மெமரி குறைவான கருவி என்றால் தயங்காமல் ரஸ்ட்.