ஏற்காட்டில் 'எஸ்டேட் மசாலா' வாங்கப் போகிறவர்களுக்கு

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஜிஞ்சர்பிரெட் குக்கீ சுடுகிறவர்கள், கேக்குக்குப் பட்டை கிராம்பு தேடுகிறவர்கள், லீவுக்கு ஏற்காடு போய்விட்டு "மலைச் சரக்கு" என்று பை நிறைய வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் படியுங்கள். நான் ஏமாந்த கதைதான். மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம். டிசம்பர் முதல் வார ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். ஏரி, லேடீஸ் சீட், பிள்ளைகளுக்குச் சுட்ட சோளம் என்று சுற்றிவிட்டுத் திரும்பும்போது சாலையோரம் ஒரு மசாலாக் கடை. கடையின் பெயர் வேண்டாம். வாசலிலேயே பலகை: எஸ்டேட்டிலிருந்து நேரடி விற்பனை. வருஷா வருஷம் கேரல் வரும் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் ஜிஞ்சர்பிரெட் குக்கீ செய்து கொடுப்பது என் வழக்கம். மசாலா வாங்க வேண்டிய நேரம் என்பதால் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

கடைக்காரர் நல்லாத்தான் பேசினார். "வாங்கக்கா, எல்லாம் நம்ம எஸ்டேட் சரக்கு, மோந்து பாருங்க" என்று மேசை மேல் இருந்த கண்ணாடி ஜாடியைத் திறந்து நீட்டினார். கிராம்பு. அந்த வாசனை மூக்கில் ஏறிக் கண்ணே கலங்கியது. அடுத்து பட்டை ஜாடி. மெல்லிசாக, சுருட்டு மாதிரி பல அடுக்காகச் சுருண்ட அசல் சிலோன் பட்டை. மிளகையும் கையில் கொட்டிக் காட்டினார். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. கிராம்பு 100 கிராம் 180, பட்டை 100 கிராம் 240, மிளகு 250 கிராம் 300, ஏலக்காய் 50 கிராம் 260. மொத்தம் 980 ரூபாய். மிளகை 125 கிராமாக இரண்டு பாக்கெட்டில் கொடுத்தார்.

இங்கேதான் கவனிக்கத் தவறினேன். மோந்து பார்த்தது ஜாடியில் இருந்ததை. எனக்குக் கொடுத்தது மேசைக்கு அடியிலிருந்து எடுத்த, ஏற்கெனவே சீல் வைத்த பாக்கெட். "இது ஃபிரெஷ் பேக்கிங்க்கா, ஜாடியில இருக்கிறது காத்துப் பட்டது" என்று அவரே காரணமும் சொன்னார். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. பில் கேட்டேன். "மிஷின் ரிப்பேருங்க" என்றார். மலையிறங்க நேரமாகிவிட்டது, இருபது கொண்டை ஊசி வளைவை இருட்டில் இறங்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். கிளம்பிவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாவு பிசைந்தேன். மைதா ஒன்றரை கிலோ, வெண்ணெய் 600 கிராம், நாட்டுச் சர்க்கரை 750 கிராம், முட்டை மூன்று. என் கணக்கு அரைக் கிலோ மைதாவுக்கு சுக்குப் பொடி 2 தேக்கரண்டி, பட்டைப் பொடி 2, கிராம்புப் பொடி அரை, மிளகு கால், கொஞ்சம் ஜாதிக்காய் துருவல். மிளகு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சுவீடனில் இந்தக் குக்கீயின் பெயரிலேயே மிளகு இருக்கிறது, பெப்பர்காகோர் என்பார்கள். சுக்கின் காரத்துக்குப் பின்னால் மிளகு லேசாகத் தொண்டையில் நிற்க வேண்டும், அதுதான் அழகு.

பட்டையை மிக்ஸியில் போட்டபோதே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். சிலோன் பட்டை கையால் நொறுக்கினாலே பொடியாகிவிடும். இது கல்லைப் போட்ட மாதிரி ஜாருக்குள் கடகடவென்று சத்தம் போட்டது. சல்லடையில் சலித்தும் திப்பி திப்பியாக நின்றது. கிறிஸ்துமஸ் வேலை தலைக்கு மேல் கிடந்ததால் நான் அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

மாவை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நட்சத்திரமும் பொம்மையுமாக வெட்டி, 170 டிகிரியில் 12 நிமிஷம். முதல் தட்டு உள்ளே போய் ஐந்தாறு நிமிஷத்தில் எங்கள் வீட்டில் தெருவரைக்கும் மணக்கும். அன்றைக்கு வெண்ணெயும் சர்க்கரையும் மட்டும்தான் மணத்தது. அளவு குறைந்துவிட்டதோ என்று மிச்ச மாவில் இன்னும் இரண்டு தேக்கரண்டி கிராம்புப் பொடியைச் சேர்த்துப் பிசைந்தேன். அது அடுத்த தப்பு. முதல் தட்டு ஆறியதும் ஐசிங்கைக் கூம்பில் அடைத்து, நாற்பது நட்சத்திரத்துக்கு வெள்ளைக் கோடு போட்டுக் காயவும் வைத்துவிட்டேன். பிள்ளைகள் சாப்பிடுவது என்பதால் பச்சை முட்டை வெள்ளைக்கரு போடாமல் மெரிங் பவுடரில் (பதப்படுத்திக் காயவைத்த வெள்ளைக்கருப் பொடி) கலக்கிய ஐசிங். ஒவ்வொரு முனைக்கும் மூன்று புள்ளி. முதுகு ஒடிந்துவிட்டது.

சாயங்காலம் அத்தை ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றுவிட்டு, "ஏங்கண்ணு, கிராம்பு போட மறந்துட்டியா?" என்றார். அவர் குறை சொல்கிற ஆள் இல்லை. கூடுதலாகக் கிராம்பு போட்ட தட்டிலிருந்து ஒன்றைக் கொடுத்தேன். அதில் மரத்தூளை மென்ற மாதிரி ஒரு நறநறப்பு, முடிவில் நாக்கில் ஒட்டும் கசப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று ராத்திரிதான் மீதிச் சரக்கைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி உட்கார்ந்தேன்.

முதலில் கிராம்பு. நல்ல கிராம்பின் தலைக்குக் கீழே நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிந்து நகம் பளபளக்கும். பாக்கெட்டில் இருந்ததில் பத்துப் பதினைந்தை அழுத்திப் பார்த்தேன், நகம் காய்ந்தே இருந்தது. உருவமும் சுருங்கி ஒல்லியாக இருந்தது, பாதிக்குத் தலையிலிருக்கும் மொட்டே இல்லை, வெறும் காம்பு. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொஞ்சம் கிராம்பு வாங்கி வந்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி இதையும் அதையும் தனித்தனியாகப் போட்டேன். அக்காவுடையது பெரும்பாலும் அடியில் போய் உட்கார்ந்தது, சிலது தலை மேலே நிமிர்ந்து செங்குத்தாக நின்றது. என்னுடையது அத்தனையும் தண்ணீர் மேல் படுத்துக்கொண்டு மிதந்தது. கிராம்பில் எடைக்கு 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். அதை வடித்து எடுத்துவிட்டு, சக்கையைக் காயவைத்துக் கிராம்பென்று விற்பது பழைய மோசடி. எண்ணெய் போனால் எடையும் போகிறது, அதனால்தான் மிதக்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் சோதனைதான் இது.

அடுத்தது மிளகு. பிரித்த பாக்கெட்டிலிருந்து ஐம்பது மணி எண்ணித் தண்ணீரில் போட்டேன். பதினான்கு மிதந்தது. சொத்தை மிளகும் மிதக்கும் என்பதால் மிதந்ததை எடுத்துத் துணியில் துடைத்துப் பார்த்தேன். மிளகு உருண்டையாக இருக்கும், மேல் தோலில் வலை மாதிரிச் சுருக்கம் இருக்கும். இவற்றில் பல முட்டை வடிவத்தில், பச்சை கலந்த பழுப்பில் இருந்தன. காய்ந்த பப்பாளி விதை. அந்தக் கசப்புக்கு இது போதும். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. "இந்த வருஷத்து மிளகு" என்று கடைக்காரர் டிசம்பர் முதல் வாரத்தில் சொன்னாரே! சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கும் மிளகுக் கொடியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டிசம்பரில் அதில் காய் பச்சையாகத்தான் தொங்கும். பறித்துக் காயப்போடுவதெல்லாம் பொங்கலுக்குப் பிறகு.

பட்டை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தது காசியா. தடித்த, ஒற்றை அடுக்காக வளைந்த, கையால் ஒடிக்க முடியாத பட்டை. நம் ஊரில் குஸ்காவுக்கும் பிரியாணிக்கும் போடுவது பெரும்பாலும் அதுதான், அதைப் போட்டால் குக்கீ கெட்டுவிடாது, மணமும் நன்றாகவே இருக்கும். அதைச் சிலோன் பட்டை என்று சொல்லி அந்த விலைக்கு விற்றதுதான் ஏமாற்று. சட்டத்திலும் இரண்டும் தனித்தனிப் பொருள். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், நிறையச் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 2006-ல் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் பட்டைக் குக்கீகளில் இது அதிகமாக இருக்கிறது என்று அரசு அமைப்பே எச்சரித்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாதிரிப் பண்டிகைப் பலகாரங்களுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. சின்னப் பிள்ளைகள் டப்பா டப்பாவாகச் சாப்பிடும் பண்டம் என்பதால்தான் நான் கூடுதல் காசு கொடுத்துச் சிலோன் பட்டை கேட்டேன்.

ஏலக்காய் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை மறுபடியும் மலையேறினேன். கடைக்காரருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. பாக்கெட்டைக் காட்டினால், "மலை மேல ஈரம் ஜாஸ்திக்கா, வாசனை போயிருக்கும்" என்றார். தண்ணீரில் போட்டுக் காட்டட்டுமா என்றேன். "இது எங்க கடை பாக்கெட்டே இல்ல, பில் இருக்கா?" என்று கேட்டார். அப்போதுதான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை நிறத்தில் மலைப் படம், எஸ்டேட் என்ற எழுத்து, அவ்வளவுதான். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இல்லை, முகவரி இல்லை, பேக்கிங் தேதி இல்லை. இவை இல்லாத பாக்கெட்டை இனி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பில் இல்லாமல் நகராதீர்கள். ஜாடியில் மோந்து பார்த்தால் அந்த ஜாடியிலிருந்தே நிறுத்துத் தரச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். கையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு கண்ணாடி டம்ளரும் இருந்தால் ஒரு நிமிஷத்தில் கிராம்பின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

ஏற்காட்டில் எல்லோரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சொந்தத் தோட்டத்துக் காப்பிக் கொட்டையையும் மிளகையும் ஒழுங்காகப் பில் போட்டு விற்கிறவர்களிடம் வருஷக்கணக்கில் வாங்கியிருக்கிறேன். அவர்கள் பேரையும் சேர்த்துத்தானே இந்த ஆள் கெடுக்கிறார் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அப்புறம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் வழக்கமான மளிகைக் கடைக்கே போனேன். கதையைக் கேட்ட பெரியவர், நான் கேட்காமலே டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கிராம்பைப் போட்டுக் காட்டினார். 100 கிராம் 130 ரூபாய். சிலோன் பட்டை அன்றைக்கு இல்லை, "காசியாதாம்மா இருக்குது, வேணுமா?" என்று நேராகச் சொன்னார். அளவைக் குறைத்து அதையே போட்டேன். பழைய மாவு, சுட்டது, ஐசிங் வைத்தது அத்தனையும் குப்பைக்குப் போனது. 23-ம் தேதி ராத்திரி கேரல் வந்த பிள்ளைகளுக்குப் புதிதாகச் சுட்டதைக் கொடுக்க முடிந்தது. நட்சத்திரத்துக்கு ஒரே ஒரு கோடு, புள்ளி வைக்க நேரமில்லை.

இரண்டு மிளகுப் பாக்கெட்டில் ஒன்றை நான் பிரிக்கவே இல்லை. அதையும், பிரித்த கிராம்புப் பாக்கெட்டையும், பாக்கெட்டின் முன்பக்கம் பின்பக்கம் எடுத்த போட்டோவையும் சேர்த்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்துப் புகாராகக் கொடுத்திருக்கிறேன். ஜிபே செய்த ரசீது போனில் இருந்தது, பில் இல்லாத குறைக்கு அதன் நகலையும் வைத்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லிப் பதிவு எண் வாங்கியிருக்கிறேன். இதே மாதிரி மலையில் வாங்கி ஏமாந்தவர்கள் மீதிச் சரக்கைக் கொட்டிவிடாமல் பாக்கெட்டோடு எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள், ஒரு புகாரோடு நின்றால் கண்டுகொள்ள மாட்டார்கள். என் புகாருக்கு என்ன பதில் வருகிறதோ, வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.