1886 பேட்மின்டன் குதிரைப் பந்தய நூல்: பழைய பிரதி வாங்கலாமா?

பேட்மின்டன் என்றதும் இறகுப்பந்து நினைவுக்கு வரும். ஆனால் இங்கே அது இங்கிலாந்தின் பியூஃபோர்ட் பிரபுவின் மாளிகைப் பெயர். அந்தப் பெயரில் அவர் பதிப்பித்த விளையாட்டு நூல் வரிசையில் 'ரேஸிங் அண்ட் ஸ்டீப்பிள்சேஸிங்' (குதிரைப் பந்தயமும் தடை தாண்டும் குதிரைப் பந்தயமும்) 1886இல் லாங்மன்ஸ் வெளியீடாக வந்தது. சேகரிப்பைத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல தேர்வு. பிரதிகள் கிடைக்காத நூலல்ல. அரிதானது 250 பிரதி மட்டும் அச்சான பெரிய தாள் பதிப்புதான் (அதே நூல், பெரிய அளவுத் தாளில்). சாதாரணத் துணி அட்டைக்கு 'அரிய நூல்' என்று விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

தலைப்புப் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். மறுபதிப்புகளும் முதல் பதிப்பு என்ற பெயரில் விலைக்கு வருகின்றன. அடுத்து, முன்னால் உள்ள படப் பட்டியலை வைத்து முழுப்பக்கப் படங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் விலை பாதியாக வேண்டும். படங்களைச் சட்டம் போட்டு மாட்ட நூலிலிருந்து உருவியெடுப்பது பழைய வழக்கம். அப்படி எடுத்திருந்தால், பக்கங்கள் முதுகோடு சேரும் இடுக்கில் கத்தி போன கோடு தெரியும்.

பழுப்புப் புள்ளிகள் சகஜம், படத்தின் மேல் இல்லாதவரை பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அட்டை மூட்டில் (அட்டை முதுகோடு சேரும் இடத்தில்) வரும் விரிசல். கனமான தாளை மெல்லிய துணி தாங்குவதால் முன்னட்டை உள்பக்கம் விரிசல் விடும். செலோடேப் ஒட்டிய பிரதி வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். விற்பவரிடம் முதுகு, உள்மூட்டு, மேல்விளிம்பு மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள்.