கண்மாய் விராலின் மைட்டோகாண்ட்ரியா: சாங்கரா, இலுமினாவா, நானோபோரா?

கோடையில் கண்மாய் வற்றி, சிவகங்கைப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும்போது ஊத்தாவில் அகப்படும் விராலின் துடுப்பில் ஒரு நறுக்கு போதும், அதன் மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதியை முழுசாகப் படிக்க. வட்டமான டிஎன்ஏ, சுமார் 16,500 எழுத்து (ஏ, டி, ஜி, சி என்ற காரங்கள்), 37 மரபணு. அவற்றில் 13தான் புரதத்துக்கு. இதைப் படிக்கும் மூன்று முறைகளை இங்கே ஒப்பிடுகிறேன்: சாங்கர், இலுமினா, நானோபோர்.

சாங்கர் முறை ஒரு ஓட்டத்தில் 700 முதல் 1,000 எழுத்து வரை படிக்கும். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வட்டம் முழுக்கச் சுற்றிவர, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஏகப்பட்ட துண்டுகளை நகலெடுத்துப் பெருக்க வேண்டும். ஒரு பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டாவிட்டால் அந்த இடம் பொத்தல். விராலா குறவையா என்பதற்கு மட்டும் என்றால் இனம் காண வழக்கமாகப் பயன்படும் சிஓஐ மரபணுவில் 650 எழுத்து போதும். (முழு மீனாக இருந்தால் காரைக்குடிச் சந்தையில் மீன் விற்கும் ஆச்சியே சொல்லிவிடுவார்.)

இலுமினாவுக்கு மீனுக்கென்று தனிப் பிரைமர் வேண்டாம். மொத்த டிஎன்ஏவையும் பொடித்து, பெரும்பாலும் 150 எழுத்துத் துணுக்குகளாகப் படிக்கிறது. ஒரு செல்லில் உட்கரு ஒன்று, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவோ நூற்றுக்கணக்கான பிரதிகள். அதனால் மேலோட்டமாகப் படித்தாலே இது தாராளமாகக் கிடைத்துவிடும். கெட்ஆர்கனெல், நோவோபிளாஸ்டி போன்ற மென்பொருள்கள் கோத்துத் தரும். இடறுவது மரபணு எதுவும் இல்லாத கட்டுப்பாட்டுப் பகுதியில்தான். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்து துணுக்கை விட நீண்டுபோனால், எத்தனை முறை வந்தது என்று மென்பொருளுக்குப் பிடிபடாது.

அதே இடத்தை, டிஎன்ஏ இழையை நுண்துளை வழியாக விட்டு நீளமாகப் படிக்கும் நானோபோர் ஒரே மூச்சில் தாண்டும். உள்ளங்கையளவு மின்அயன் கருவி, ஒரு மடிக்கணினி. வட்டத்தை இரண்டு நீளத் துண்டாகப் பெருக்கினால் போதும். பலவீனம் வேறு: ஆறு 'ஏ' தொடர்ந்து வந்தால் ஐந்தென்று எண்ணிவிடும். புரத மரபணுவில் ஓர் எழுத்து விட்டால் அதற்குப் பிறகு மும்மூன்று எழுத்தாகப் போகும் வாசிப்பே புரண்டுவிடும். புதிய ஆர்10 வகைத் துளைகளில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இன்னொன்று, நீளத் துண்டுக்கு டிஎன்ஏ சிதையாமல் இருக்க வேண்டும். மதியம் வரை வெயிலில் கிடந்த மீன் சரிப்படாது. கரையிலேயே நறுக்கி எத்தனாலில் போட்டுவிட வேண்டும்.

ஒரே இனம், ஒன்றிரண்டு மீன் என்றால் என் ஓட்டு இலுமினாவுக்கு; கட்டுப்பாட்டுப் பகுதியில் சந்தேகம் வந்தால் அங்கே மட்டும் சாங்கர். பல கண்மாய் மீன்களை ஒப்பிடுவதானால், ஆர்10 கையில் இருக்கும்பட்சத்தில், நானோபோர். எதில் படித்தாலும் துடுப்பு போக மீதி மீனை ஃபார்மலினில் எண்ணிட்டு வையுங்கள். குழம்புக்குப் போய்விட்டால், இனப்பெயரில் தகராறு வரும்போது எடுத்துக் காட்ட எதுவும் இருக்காது.