பாதி மாதச் சம்பளம் போச்சு: ஆன்லைனில் ஓட்ட ஷூ வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று ராத்திரி காய் நறுக்கும் கத்தியால் ஒரு ஷூவைக் கிழித்தேன். புத்தம்புது ஷூ, மொத்தமே 61 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. உள்ளே கார்பன் தகடு இருப்பதாகச் சொல்லி விற்றார்கள். இருந்தது கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு பிளாஸ்டிக் பட்டை. நகத்தால் சுரண்டினேன், பெயின்ட் உரிந்து வெள்ளை தெரிந்தது. அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

ஷூ, ஜிபிஎஸ் கைக்கடிகாரம், சாக்ஸ், இடுப்பில் கட்டும் பெல்ட் எல்லாம் சேர்த்து என் பாதி மாதச் சம்பளம். திரும்ப வராது என்று நேற்றுத்தான் உறுதியாகத் தெரிந்தது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஓட்டக்காரர்களுக்கான சாமான்களை மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடை, அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டு வேறு முகவரியில் கடை விரிக்க இவர்களுக்கு ஒரு நாள் போதும். அதனால் பெயரைவிட ஆட்களின் பாணியைத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கும்போது பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதல் முழு மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். 42.195 கிலோமீட்டர். இரண்டு வருடமாக அரை மாரத்தான்கள் ஓடி, இந்த முறைதான் துணிந்து பதிவு செய்தேன். பழைய ஷூ 700 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, அடிப்பாகத்தில் இருக்கும் மெத்தை மாதிரியான நுரை செத்துப் பலகை மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பார்கள், ஆக மாற்ற வேண்டிய நேரம்தான். அதுவரை தவறு எதுவும் இல்லை.

நான் விழுந்த இடம் விலை இல்லை. தள்ளுபடியைப் பார்த்து மயங்கியிருந்தால் என்னையே திட்டிக்கொண்டு விட்டிருப்பேன். விழுந்தது அந்தக் கடையின் அரட்டைப் பெட்டியில் வந்த ஆலோசகரிடம். "சார், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுறீங்க? முதல்ல குதிகால் படுமா, நடுப்பாதம் படுமா?" என்று ஆரம்பித்தார். பழைய ஷூவைத் திருப்பி வைத்து அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில்: "குதிகாலோட வெளி ஓரம் தேய்ஞ்சிருக்கு பாருங்க சார், உங்களுக்கு இந்த மாடல்தான் சரியா வரும்."

அந்த இடத்தில்தான் நம்பினேன். இவ்வளவு அக்கறையாக எந்தக் கடையில் கேட்டார்கள்? இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஓடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முதலில் தரையில் படுவதே குதிகாலின் வெளி ஓரம்தான். பத்துப் பேரின் ஷூவைத் திருப்பிப் பார்த்தால் ஏழெட்டில் அங்கேதான் தேய்ந்திருக்கும். "உங்கள் மனதில் ஒரு கவலை இருக்கிறது" என்று கைரேகைக்காரர் சொல்வாரே, அந்தக் கதைதான்.

பணம் கட்டும்போது இன்னொரு தூண்டில். கார்டில் கட்டினால் முழு விலை, வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் 5 சதவீதம் கழிவு. அனுப்பிவிட்டேன். பாதி மாதச் சம்பளம், ஒரே தட்டில்.

பார்சல் வந்ததும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பசை நெடி மூக்கைத் துளைத்தது. பெட்டியில் ஒட்டிய மாடல் எண் ஒன்று, ஷூ நாக்கின் உள்பக்கச் சீட்டில் இருந்த எண் வேறொன்று. கடைப்பக்கத்தில் அடிப்பாகத்தின் உயரம் 45 மில்லிமீட்டர், "சர்வதேசப் போட்டிகளுக்கு அனுமதி பெற்றது" என்று போட்டிருந்தார்கள். சாலைப் போட்டி ஷூவுக்கு 40 மில்லிமீட்டர்தான் உச்சவரம்பு, தகடும் ஒன்றுதான் இருக்கலாம் என்று உலகத் தடகள அமைப்பு 2020-லேயே விதி போட்டுவிட்டது. நாலரை மணிநேரம் ஓடுகிற என்னை யாரும் நிறுத்தி அளக்கப் போவதில்லை, அது வேறு. ஆனால் 45-ஐயும் அனுமதியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதாவது மண்டையில் மணி அடித்திருக்க வேண்டாமா? இரண்டையும் படித்தேன், படித்துவிட்டு லேஸ் கட்டினேன்.

எங்கள் ஓட்டக் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். ஷூவைக் கையில் வாங்கிய உடனே, "என்னப்பா இது, கல்லு மாதிரி கனக்குது?" என்றார். இந்த வகைப் போட்டி ஷூ ஒன்று சுமார் 200 கிராம் இருக்கும். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன், 287. முன்பக்கத்தைப் பிடித்து வளைத்தால் ரப்பர் செருப்பு மாதிரி மடங்கியது. கார்பன் தகடு இருக்கிற ஷூ அப்படிச் சுலபமாக மடங்காது, அந்த விறைப்புக்காகத்தானே அதை வைக்கிறார்கள்? அப்போதும் மனசு கேட்கவில்லை. பழகினால் சரியாகும் என்று சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிறு 30 கிலோமீட்டர் நீள ஓட்டம். 19-ஆவது கிலோமீட்டரில் இடது காலில் சப் சப் என்று ஒரு சத்தம். குனிந்து பார்க்கலாம் என்று வேகத்தைக் குறைப்பதற்குள் அடிப்பாகம் முன்பக்கமாக வாயைப் பிளந்து தரையில் இடறிக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக நொண்டிக்கொண்டே திரும்பினேன். சாக்ஸ் மட்டும் உண்மையிலேயே நல்ல சாக்ஸ், ஒரு கொப்புளம் கூட வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடிகாரம் தனிக் கூத்து. டிராக்கின் உள் தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டர் அல்லவா, போனைப் பையில் வைத்துவிட்டு ஒரு சுற்று ஓடினால் 530 காட்டியது. போனோடு ஓடினால் 410. அதாவது கடிகாரத்தில் ஜிபிஎஸ்ஸே கிடையாது, போனிடம் கடன் வாங்குகிறது. நின்ற இடத்தில் கையை மட்டும் ஆட்டினேன், 140 மீட்டர் ஓடிவிட்டேனாம்! இதயத்துடிப்பையும் பார்த்துவிடலாம் என்று தண்ணீர் பாட்டிலில் கட்டினேன். பச்சை விளக்கு மினுக்கிவிட்டு 78 என்றது. பாட்டில் ஆரோக்கியமாக இருக்கிறது. மணிக்கட்டில் கட்டுகிற ஒளி சென்சாரில் நல்லவை கூட சில நேரம் தடுமாறும், மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே அளப்பதால் அதுதான் நம்பகமானது. தடுமாறுவது வேறு, பாட்டிலுக்கு உயிர் கொடுப்பது வேறு.

இனி அவர்கள் என்னைப் பந்தாடியதைக் கேளுங்கள். முதல் மின்னஞ்சலுக்கு, "24 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்" என்று இயந்திரப் பதில். மூன்று நாள் கழித்து, "படம் அனுப்பவும்". ஒன்பது படம் அனுப்பினேன். "பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேண்டும்." அது எப்படி இருக்கும், நான் என்ன வழக்குப் போடுவதற்கா பெட்டியைப் பிரித்தேன்? பிறகு, "வெளியில் அணிந்து ஓடிய ஷூவைத் திரும்பப் பெற இயலாது." ஓட்ட ஷூவை அணிந்து ஓடாமல் வேறு என்ன செய்வது என்று கேட்டதற்கு ஒரு பதில் வந்தது பாருங்கள்: "உங்கள் பாதம் தரையில் விழும் முறையில் கோளாறு இருக்கலாம்." எனக்கு இந்த ஷூதான் சரி என்று என் தேய்மானத்தைப் பார்த்துச் சொன்ன அதே கடை!

அந்த ஆலோசகரைத் தேடி அரட்டைப் பெட்டிக்குப் போனேன். வேறொருவர் வந்தார். "அவர் இப்போது இங்கே இல்லை சார், புதிய கோரிக்கை பதிவு செய்யுங்கள்." பதிவு செய்தேன். மீண்டும் 24 மணி நேரம். கடைசியில் பெரிய மனது பண்ணி அடுத்த முறை வாங்கும்போது 10 சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம். பாதி மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு அடுத்த முறைக்குக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனம் மறுநாள் காலை காணவில்லை.

ஷூ தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினேன். இந்தக் கடை எங்கள் அங்கீகாரம் பெற்றதல்ல என்று மரியாதையாக இரண்டு வரி. வங்கியில் கேட்டேன். கார்டில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கலாம், நீங்களே அனுப்பிய பணத்துக்கு எங்களால் ஆகக்கூடியது எதுவும் இல்லை என்றார்கள். 5 சதவீதக் கழிவு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, பத்து விஷயங்கள் என்று சொன்னேன். கார்டில் மட்டும் கட்டுங்கள். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்று தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் பணம் கட்டுவதற்கு முன்னாடியே பாருங்கள், என்னை மாதிரி அப்புறம் இல்லை. ஷூ வந்ததும் தராசில் வையுங்கள், பெட்டி எண்ணையும் நாக்குச் சீட்டு எண்ணையும் ஒப்பிடுங்கள், இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். கடிகாரத்தைப் போன் இல்லாமல் டிராக்கில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மீதி விஷயங்களை இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது கணுக்காலுக்கு ஐஸ் வைக்கப் போக வேண்டும்.