போக்கர், புளியங்கொட்டை, கணக்கு நோட்டு: நான்கு ஆண்டு அனுபவம்

போக்கர் கற்றுக்கொள்ள நான் பயன்படுத்தியவை: ஒரு செல்போன் செயலி, கணக்கில்லாத வீடியோக்கள், ஓர் அட்டவணை, இரண்டு சீட்டுக்கட்டு, ஆயிரம் புளியங்கொட்டை, மூன்று நீளக் கணக்கு நோட்டு. என்னை முன்னேற்றியது அந்த நோட்டு. அதைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை ஆண்டு ஆனது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம். ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்த வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 2022இல் தமிழ்நாடு அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று கூறி அவ்விரண்டின் மீதான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்துவிட்டது. சட்டம் எப்படி மாறினாலும் எங்கள் மொட்டை மாடியில் ஒரு ரூபாய்கூட இறங்கியதில்லை. தம்பி கல்லூரியில் கற்றுக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து எங்களுக்குப் புளியங்கொட்டைதான்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பந்தயம் கட்டுவதும், கையைக் கவிழ்த்துவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து ஒதுங்குவதும்தான் கடினம்.

செயலியில் ஓராண்டு ஆடினேன். இலவசக் காசு தீர்ந்தால் மறுநாள் மீண்டும் தருவார்கள். அதனால் அங்கே யாரும் எதற்கும் அஞ்சுவதில்லை, எந்தச் சீட்டுக்கும் மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார்கள். வேகமாகச் சீட்டைப் படிக்கப் பழகினேன், அவ்வளவுதான். வீடியோக்கள் வேறு விதம். பார்க்கும்போது எல்லாம் புரியும், ஞாயிறு மாலை மாடியில் உட்கார்ந்ததும் ஒன்றும் கைக்கு வராது. எந்த இரண்டு சீட்டோடு ஆட்டத்தில் இறங்கலாம் என்று காட்டும் அட்டவணை மட்டும் பயன்பட்டது. கையில் வரும் இரண்டு சீட்டு 1,326 விதமாக அமையலாம், இரண்டும் ஒரே இனமா (இஸ்பேட், டைமன் போல) இல்லையா என்று மட்டும் பார்த்துச் சுருக்கினால் 169 வகை. அதில் பெரும்பகுதியைக் கவிழ்த்துவிட வேண்டும் என்ற ஒன்றைப் புரிந்துகொண்டதற்கே அது தகும். இன்றும் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

சீட்டுக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்காற்று அடிக்கும் பகுதியில் சாதாரண அட்டைச் சீட்டு வாங்காதீர்கள். எங்கள் முதல் கட்டு இரண்டு மாதத்தில் ஊறிப் பருத்து, கலைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டியது. பிளாஸ்டிக் கட்டு மூன்று ஆண்டாக அப்படியே இருக்கிறது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எண்ணைக் கையால் எழுதினால்தான் என் மனதில் நிற்கும். இது தெரிந்திருந்தும் போக்கரைக் கண்ணால் பார்த்தே கற்றுவிடலாம் என்று ஏன் நினைத்தேனோ! ஒருநாள் இரவு தனியாக உட்கார்ந்து, கையில் இரண்டு இஸ்பேட், நடுவில் முதல் மூன்றில் இரண்டு இஸ்பேட் என்று வைத்து, மீதிச் சீட்டைக் கலைத்து அடுத்த இரண்டையும் திறந்து பார்த்தேன். ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் அது பலமான கை. ஐந்தாவது இஸ்பேட் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு புள்ளி. பல இரவுகள், முந்நூறு தடவை. மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகக் கோடுகள் விழுந்தன. கணக்குப்படி அது 35 சதவீதம். வீடியோவில் பத்துமுறை கேட்ட எண்தான், ஆனால் அந்த முந்நூறுக்குப் பிறகுதான் அதை நம்பினேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நோட்டு வந்தது. ஒவ்வொரு பெரிய ஆட்டத்திலும், கடைசிச் சீட்டைத் திறப்பதற்குமுன் என் முடிவையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுவேன். ஒரு நாள் என் கையில் இஸ்பேட் 8, 6. நடுவில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஜாக்கி, டைமன் 3, கிளாவர் 2. பந்தயக் குவியலில் 60 கொட்டை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா தன்னிடம் மிஞ்சிய 30ஐயும் தள்ளினார். நான் 30 போட்டால் மொத்தம் 120, ஆக நான்கில் ஒருமுறையாவது நான் வெல்ல வேண்டும். தெரியாத 46 சீட்டில் எனக்கு உதவுபவை 9 இஸ்பேட். ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஒதுங்கியிருக்க வேண்டும். ஆசையில் போட்டேன். இஸ்பேட் 4 வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். நான் நோட்டில் ‘தவறு’ என்று எழுதினேன்.

“ஜெயித்தது நீதானேம்மா, அப்புறம் எதற்குத் தவறு என்று எழுதுகிறாய்?” என்று கேட்டார் சித்தப்பா. கணக்கைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரும் ஒரு நோட்டு வாங்கி வந்தார்.

கொட்டைக்கும் மதிப்பு வர ஒரு வழி செய்தோம். ஐந்து பேருக்கும் தலா 200. வாராவாரம் புதிதாகத் தருவதில்லை, இருப்பு அப்படியே தொடரும், பொங்கலன்று கணக்கு முடிப்போம். தீர்ந்துவிட்டால் பொங்கல்வரை சீட்டுப் போடும் வேலைதான். இந்த ஒரு விதியால் ஆட்டமே மாறியது. பத்துக் கொட்டைக்குக்கூட யோசிக்கிறார்கள், ஒதுங்குகிறார்கள், அதனால் நல்ல சீட்டு இல்லாமலே மற்றவரை ஒதுங்க வைக்கக் கட்டும் பொய்ப் பந்தயத்துக்கும் அர்த்தம் வந்தது.

குறை உண்டு. ஐந்தே பேரோடு ஆடுவதால் அவர்கள் பழக்கம் எனக்கு மனப்பாடம், புதியவர்கள் முன்னால் அது உதவாது. நிறுத்தி எழுதுவதால் ஆட்டமும் மெதுவாகிறது. தம்பிக்கு நோட்டு ஒத்துவரவே இல்லை, எழுதச் சொன்னால் எரிச்சல் வருகிறது. அவன் ஆடி முடித்து, படுக்கப்போகும்முன் ஒரே ஒரு ஆட்டத்தை என்னிடம் வாய்விட்டுச் சொல்வான், நான் கேள்வி கேட்பேன். அவனும் தேறியிருக்கிறான்.

மூன்றாவது நோட்டில் ‘தவறு’ எழுதிய வரிகளைப் போன வாரம் எண்ணினேன். பாதிக்குமேல் இரவு ஒன்பதுக்குப் பிறகு நடந்தவை. இந்த ஞாயிறு முதல் இரவு எட்டரைக்கே ஆட்டத்தைவிட்டு எழுந்துவிடப் போகிறேன்.